மிச்ச நூலில் ஒரு நட்சத்திரம்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவை ஒட்டி நடந்த கைவேலைக் கண்காட்சியில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பரிசளிப்பு விழா என்றால் கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசுவார்கள். ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவார்கள். தாய்மொழியைப் பற்றிப் பேசுவார்கள். எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்போ மிகச் சிறியது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதோ, பின்னால் மேசையில் தொட்டியில் நட்ட சவுக்குக் கிளையில் தொங்குகிறதே, அந்த நூல் நட்சத்திரம், அதுதான் என் தலைப்பு. "ஒரு நட்சத்திரத்துக்கா இவ்வளவு நேரப் பேச்சு?" என்று யாராவது மனத்துக்குள் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று நம் பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எங்கிருந்து வந்தது இந்த வேலை?

இந்தப் பின்னலுக்குக் குரோஷே என்று பெயர். பிரெஞ்சு மொழியில் சின்னக் கொக்கி என்று பொருள். பெயருக்கு ஏற்றபடி முனையில் கொக்கி உள்ள ஒரே ஓர் ஊசிதான் இதற்கு வேண்டும். சட்டை பின்னுகிறவர்கள் இரண்டு நீளக் கம்பிகளை வைத்துக்கொண்டு பின்னுவார்களே, அது வேறு வேலை. அதில் பல கண்ணிகள் ஒரே நேரத்தில் கம்பியில் வரிசையாக நிற்கும். குரோஷேயில் பெரும்பாலும் ஒரு கண்ணிதான் ஊசியில் இருக்கும். ஆகவே கைவேலையை நடுவில் வைத்துவிட்டு, அடுப்பில் பொங்கும் பாலை இறக்கிவிட்டு வந்து தொடரலாம். நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த வேலை பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தக் கொக்கிக்குப் பின்னால் பசியின் கதை ஒன்று இருக்கிறது. 1845ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழை மக்களின் உணவே அந்தக் கிழங்குதான். அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊரைவிட்டுக் கப்பலேறினார்கள். அந்தக் காலத்தில் கன்னியர் மடங்களும் தொண்டு செய்தவர்களும் ஏழைப் பெண்களுக்குக் குரோஷே சரிகைப் பின்னலைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு கொக்கி, ஒரு நூலுருண்டை, அவ்வளவுதான் முதல். அந்தப் பின்னலை விற்று அரிசி பருப்பு வாங்குவதுபோல் அவர்கள் ரொட்டி வாங்கினார்கள். சிலர் கப்பலுக்குக் கட்டணம் சேர்த்தார்கள்.

பஞ்சமும் கப்பலும் நமக்குத் தெரியாதவையா? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தை நம் முன்னோர் கண்டவர்கள். கடல் தாண்டி வந்து காடு திருத்திய கூட்டம் நம் கூட்டம். அதனால் அயர்லாந்துப் பெண்ணின் கையிலிருந்த கொக்கியை நாம் அந்நியமாகப் பார்க்க வேண்டியதில்லை.

தமிழ் மண்ணிலும் நூல் வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் 1820களில் பெண்களுக்குச் சரிகைப் பின்னல் பள்ளி நடத்தினார். அது கொக்கியால் செய்வதில்லை. திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்வது. வேலை வேறானாலும் நோக்கம் ஒன்றுதான். பெண் தன் கையால் காசு பார்க்க வேண்டும் என்பதே அது.

மரத்தில் ஏன் தொங்குகிறது?

கிறிஸ்துமஸ் மரம் ஜெர்மனியிலிருந்து பரவிய வழக்கம். 1848ஆம் ஆண்டில் விக்டோரியா அரசி தம் குடும்பத்தோடு அலங்கரித்த மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்தது. அதன் பிறகு ஆங்கிலேயர் வீடுகளில் அது வேகமாகப் பரவியது. தொடக்கத்தில் ஆப்பிள், கொட்டைகள், மிட்டாய், காகிதப் பூ என்று வீட்டில் இருந்ததைத்தான் தொங்கவிட்டார்கள். பின்னர் ஜெர்மனியில் லவுஷா என்ற ஊரில் கண்ணாடி ஊதும் குடும்பங்கள் பளபளக்கும் உருண்டைகளைச் செய்து விற்றன. இன்று கடைக்குப் போனால் பெட்டி பெட்டியாகப் பிளாஸ்டிக் உருண்டைகள்.

நம் தோட்டத்தில் கிறிஸ்துவக் குடும்பங்கள் இருக்கின்றன. தீபாவளிக்கு நாம் முறுக்கு கொண்டுபோய்க் கொடுப்பதும், டிசம்பரில் அவர்கள் கேக்கு கொண்டுவந்து கொடுப்பதும் நமக்குப் புதிதில்லை. பெத்லகேமில் தோன்றிய நட்சத்திரத்தை நினைத்து அவர்கள் வாசலிலும் மரத்திலும் நட்சத்திரம் கட்டுகிறார்கள். நம் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் சேர்ந்து பின்னிய நட்சத்திரங்கள் இந்த ஆண்டு அவர்கள் வீட்டு மரங்களுக்குப் போகப்போகின்றன. அதே நட்சத்திரத்தை வரிசையாகக் கோத்தால் தீபாவளிக்கு வாசல் தோரணம். ஆறு முனைகளும் கோலத்தில் நாம் போடும் அறுகோணம்போலவே இருக்கும்.

செய்முறை: தாய்மார்களும் பிள்ளைகளும் கவனிக்கவும்

சரி, இனி வேலைக்கு வருவோம். இந்த மலரை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யலாம்.

முதலில் நூல். புது நூல் வாங்காதீங்க. வீட்டில் தேடுங்க. குழந்தைக்குத் தொப்பி பின்னிய மிச்சம், மேசை விரிப்புப் பின்னிய மிச்சம், தொலைக்காட்சிப் பெட்டிக்கு உறை போட்ட காலத்து மிச்சம் என்று ஏதாவது ஒரு பிஸ்கட் டின்னில் கட்டாயம் கிடக்கும். ஒரு நட்சத்திரத்துக்கு நடு வட்டத்துக்கு ஒன்றரை மீட்டர், முனைகளுக்கு இரண்டரை மீட்டர், மொத்தம் நான்கு மீட்டர் போதும். பள்ளி அளவுகோலில் 30 சென்டிமீட்டர் இருக்கிறதல்லவா? பதினான்கு அளவு அளந்தால் தாராளம். கம்பளி நூல் என்று நாம் சொன்னாலும் கடையில் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக் நூல். பருத்தி நூலும் கிடைக்கும். எது எது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து ஊசி. நடுத்தரப் பருமனுள்ள நூலுக்கு 4 மில்லிமீட்டர் கொக்கி ஊசி சரியாக இருக்கும். வாங்க வசதியில்லையென்றால் சாப்ஸ்டிக் குச்சி ஒன்றை முனையில் கொக்கிபோல் செதுக்கி, மண்தாளால் நன்றாகத் தேய்த்துவிடுங்க. நூல் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், அதுதான் கணக்கு. நம் பிள்ளைகளில் இரண்டு பேருக்கு அவர்களின் அப்பாமார் இப்படித்தான் செய்து கொடுத்தார்கள். கண்காட்சியில் வைத்திருக்கிறோம், பாருங்கள்.

இனி நான்கு பின்னல்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சங்கிலிப் பின்னல்: நூலில் சுருக்குக் கண்ணி ஒன்று போட்டு ஊசியில் மாட்டுங்க. நூலை ஊசிமேல் சுற்றி, கொக்கியால் பிடித்து, அந்தக் கண்ணி வழியே இழுங்க. இது ஒரு சங்கிலி. மாவு மூட்டையின் வாயைத் தைத்திருப்பார்களே, சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழுத் தையலும் பிரிந்துவிடுமே, அதுவும் இதே போன்ற சங்கிலிதான். ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணி. மூட்டை எவ்வளவு எளிதாகப் பிரிகிறதோ அவ்வளவு எளிதாக நம் பின்னலும் பிரியும். ஆகையால் கடைசிக் கண்ணியை முடிச்சுப் போடாமல் ஊசியை எடுக்கக்கூடாது. தவறாகப் போனால் பிரித்துவிட்டு மறுபடி போடலாம் என்பதும் இதிலுள்ள வசதி. நூல் வீணாவதில்லை.

நழுவு பின்னல்: ஒரு கண்ணுக்குள் ஊசியை விட்டு நூலைப் பிடித்து, ஊசியில் இருக்கும் கண்ணி வழியாகவும் ஒரே மூச்சில் இழுத்துவிடுங்க. இது இணைப்பதற்கு மட்டும். உயரம் இருக்காது.

ஒற்றைப் பின்னல்: கண்ணுக்குள் ஊசியை விட்டு நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு கண்ணி நிற்கும். மறுபடி நூலைச் சுற்றி இரண்டையும் சேர்த்து இழுங்க.

அரை உயரப் பின்னல்: முதலிலேயே ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்க. பிறகு கண்ணுக்குள் விட்டு இழுத்தால் மூன்று கண்ணி நிற்கும். நூலைச் சுற்றி மூன்றையும் ஒரே இழுப்பில் இழுங்க.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. ஆங்கிலப் புத்தகம் பார்த்துப் பின்னுகிறவர்கள் அது எந்த நாட்டுப் புத்தகம் என்று முதலில் பாருங்கள். நான் ஒற்றைப் பின்னல் என்று சொன்னதை அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷே என்பார்கள். பிரிட்டனில் அதையே டபுள் குரோஷே என்பார்கள். பெயர் மாறினால் உருவமே மாறிவிடும்.

இப்போது நட்சத்திரம்.

முதல் சுற்று: இரண்டு சங்கிலி போடுங்க. முதலில் போட்ட சங்கிலிக்குள்ளேயே 6 ஒற்றைப் பின்னல் போடுங்க. சின்னப் பொத்தான்போல் வரும்.

இரண்டாம் சுற்று: அந்த ஆறு கண்களிலும் கண்ணுக்கு இரண்டாக ஒற்றைப் பின்னல் போடுங்க. மொத்தம் 12. எண்ணிப் பாருங்க. பதினொன்று இருந்தாலும் பதின்மூன்று இருந்தாலும் முனைகள் சரியாக உட்காராது. முதல் கண்ணில் நழுவு பின்னல் போட்டு வட்டத்தை மூடுங்க. வேறு நிறம் வேண்டுமானால் இங்கேயே நூலை வெட்டி முடித்துவிட்டு, அதே கண்ணில் அடுத்த நூலைச் சேருங்க.

முனைகள்: 4 சங்கிலி போடுங்க. ஊசிக்குப் பக்கத்தில் உள்ள முதல் சங்கிலியை விட்டுவிட்டு, இரண்டாவதில் நழுவு பின்னல், மூன்றாவதில் ஒற்றைப் பின்னல், நான்காவதில் அரை உயரப் பின்னல். நுனி மெல்லியதாகவும் அடி பருத்ததாகவும் ஒரு முக்கோணம் வரும். வட்டத்தில் ஒரு கண்ணை விட்டுவிட்டு அடுத்த கண்ணில் நழுவு பின்னல். ஒரு முனை முடிந்தது. இதேபோல் இன்னும் ஐந்து. ஆறாவது முனையின் கடைசி நழுவு பின்னல் நீங்கள் தொடங்கிய இடத்திலேயே வந்து விழும். நூலை வெட்டி, கடைசிக் கண்ணி வழியே இழுத்து இறுக்குங்க. தொங்கும் நூல் வால்களை மொட்டை ஊசியில் கோத்துப் பின்பக்கத்துப் பின்னலுக்குள் இரண்டு மூன்று முறை ஓட்டி மறைத்துவிடுங்க. ஒரு முனையில் சிறு நூல் வளையம் கட்டினால் தொங்கவிடத் தயார். ஐந்தாறு சென்டிமீட்டர் அகலம் வரும்.

நிறைவாக, விறைப்பு ஏற்ற வேண்டும். பருத்தி நூலில் செய்திருந்தால் நம் சோற்றுக் கஞ்சியே போதும். கெட்டியான கஞ்சியை வடிகட்டி, நட்சத்திரத்தை நனைத்துப் பிழிந்து, பிளாஸ்டிக் தாள் சுற்றிய அட்டைமேல் வைத்து, ஒவ்வொரு முனையையும் இழுத்துத் துருப்பிடிக்காத குண்டூசியால் குத்தி வையுங்க. மாலையில் மழை வருகிற காலம், அதனால் காலையிலேயே வெயிலில் போட்டுவிடுங்க. சிலர் சர்க்கரைப் பாகில் நனைப்பார்கள். அது குளிர் நாட்டுக்குச் சரி. இங்கே எறும்பு ஊர்வலம் வந்துவிடும்! அக்ரிலிக் நூல் கஞ்சியைச் சரியாக உறிஞ்சாது. அதற்கு வெள்ளைப் பசையும் தண்ணீரும் சம அளவு கலந்து பூசுங்கள். அக்ரிலிக் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைக்கவே கூடாது, நூல் உருகிக் குழைந்துவிடும். பண்டிகை முடிந்ததும் கஞ்சி போட்டதைக் கழுவிக் காயவைத்துத்தான் டின்னில் போட வேண்டும். இல்லாவிட்டால் கரப்பானும் பூச்சியும் தின்றுவிடும். அடுத்த ஆண்டு மறுபடி கஞ்சி போட்டுக்கொள்ளலாம்.

ஏன் ஆறு? ஏன் பன்னிரண்டு?

மாணவர்களே, இது உங்களுக்கு. வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், ஏன் ஆறு ஆறாகவே கூட்டணும்? ஐந்தாகக் கூட்டினால் என்ன?" நல்ல கேள்வி. எந்த வட்டத்திலும் சுற்றளவு விட்டத்தைப்போல மூன்று மடங்குக்குச் சற்று அதிகம். ஒற்றைப் பின்னல் ஏறக்குறைய அகலமும் உயரமும் சமமாக உள்ள பின்னல். ஒரு சுற்றுப் போட்டால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என விட்டம் இரண்டு பின்னல் அளவு கூடுகிறது. அப்படியானால் சுற்றளவு ஆறுக்குச் சற்று மேல் கூட வேண்டும். அதனால்தான் 6, 12, 18, 24 என்று ஆறாம் வாய்பாட்டில் போனால் வட்டம் தட்டையாக உட்காருகிறது. குறைத்துக் கூட்டினால் கிண்ணம்போல் குழிந்துவிடும். அதுதான் தொப்பி. அதிகமாகக் கூட்டினால் சேவல் கொண்டைபோல் அலை அலையாக மடியும்.

அந்த அலை மடிப்பைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். 1997ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா தைமினா என்ற கணிதப் பேராசிரியை, காகிதத்தில் காட்டுவதற்குக் கடினமான ஒரு வகை வளைபரப்பை இதே குரோஷே ஊசியால் பின்னிக் காட்டினார். மாணவர்கள் அதைக் கையில் தொட்டுப் பார்த்துக் கற்றார்கள். பல்கலைக்கழகத்துக் கணக்குக்கும் நம் பாட்டியின் பிஸ்கட் டின்னுக்கும் இவ்வளவுதான் தூரம்.

"சோதனையில் வருமா?"

பெற்றோர்களே, உங்களில் சிலர் என்னிடம் நேரிலேயே கேட்டீர்கள். "டீச்சர், இதெல்லாம் சோதனையில் வருமா? பிள்ளை புத்தகத்தை வைத்துவிட்டு நூலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே!" நியாயமான கேள்விதான். வெயிலிலும் மழையிலும் உழைக்கிறவர்களுக்குப் பிள்ளையின் ஒரு மணி நேரம்கூட வீணாகக்கூடாது என்ற தவிப்பு இருக்கும்.

ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. ஒரே தேர்வில் வாங்கும் 'ஏ'க்களை எண்ணிப் பிள்ளையை எடை போட்ட காலம் போய்விட்டது. ஆனால் நான் சொல்ல வருவது அதைவிடப் பெரியது. ஒரு நட்சத்திரம் பின்னும் பிள்ளை எண்ணுகிறது. தவறினால் எங்கே தவறியது என்று தானே தேடிக் கண்டுபிடிக்கிறது. பிரித்து மறுபடி போடுகிறது. அழிப்பானால் அழித்துவிட்டு மழுப்ப முடியாது. பதினொன்று என்றால் பதினொன்றுதான். இது கணக்குப் பாடம் இல்லையா? பொறுமைப் பாடம் இல்லையா?

இன்னொரு பேச்சும் காதில் விழுந்தது. "இது பொம்பளப் பிள்ளைங்க வேலை" என்று சில பையன்கள் ஊசியைத் தொடவே வெட்கப்பட்டார்கள். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் நூலை மேசைக்கடியில் ஒளித்து வைத்துக்கொண்டான். அவனுக்கு நன்றாகப் பின்னத் தெரியும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. விசாரித்தபோது, "எங்க பாட்டி சொல்லிக்கொடுத்தாங்க டீச்சர்" என்று மெதுவாகச் சொன்னான். அந்தப் பாட்டியைப் பள்ளிக்கு அழைத்தேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பால் மரம் வெட்டியவர். இந்தப் பள்ளிக்கூட வாசல்வரை பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கொண்டுவந்து விட்டவர். வகுப்புக்குள் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "எனக்கு என்ன டீச்சரம்மா தெரியும், நான் கைநாட்டு" என்று தயங்கினார். சின்ன நாற்காலியில் உட்கார்ந்து ஊசியை எடுத்த பிறகு தயக்கம் போய்விட்டது.

ஒரு பையன் நூலை இறுக்கி இறுக்கி இழுத்து, ஊசி உள்ளே போகாமல் தவித்தான். பாட்டி அவன் கையைப் பிடித்துச் சொன்னார்: "இப்படி இறுக்காதே சாமி. மரம் வெட்டும்போது உளி ஆழமாப் போனா மரத்துக்குக் காயம். மேலாக வெட்டினா பால் வராது. கைக்கு அளவு தெரியணும். இதுவும் அப்படித்தான்." பயிற்சிக் கல்லூரியில் கற்பித்தல் முறைகளைப் படித்தவள் நான். அதைவிடத் தெளிவாக என்னால் விளக்கியிருக்க முடியாது. வகுப்பில் ஒரு பையனும் அதற்குப் பிறகு பொம்பள வேலை என்று சொல்லவில்லை. பள்ளியின் வருகையாளர் புத்தகத்தில் 'வந்த நோக்கம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் அவருக்காக நான் எழுதினேன்: பாடம் நடத்த.

அன்று பேரன் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளித் திடல் வழியே எல்லாரும் பார்க்க நடந்து போனான். இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. நம் பிள்ளைகள் படித்து மேலே போக வேண்டும். ஆனால், படித்த பிறகு பெற்றவர்களின் கையைப் பார்த்து வெட்கப்படுகிற படிப்பு நமக்கு வேண்டாம்.

உங்கள் கையை மலிவாக விற்காதீர்கள்

தாய்மார்களே, இது உங்களுக்கென்றே வைத்திருந்த செய்தி. கண்காட்சியைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதை விற்கலாமா?" என்று சிலர் கேட்டீர்கள். தாராளமாக விற்கலாம். ஆனால் கணக்குப் பார்த்து விற்க வேண்டும்.

ஆந்திராவில் மேற்குக் கோதாவரிப் பகுதியில் நரசாபுரம் என்று ஓர் ஊர். அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டில் உட்கார்ந்து குரோஷே சரிகை பின்னினார்கள். அது வெளிநாட்டுச் சந்தைக்குப் போனது. மரியா மீஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் அவர்களைப் பற்றி 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். நாள் முழுவதும் உழைத்த அந்தப் பெண்களுக்குக் கிடைத்த கூலி மிகமிகச் சொற்பம். காரணம் என்ன தெரியுமா? "இவர்கள் வீட்டில் சும்மா இருக்கிற பெண்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள்" என்று வியாபாரிகள் சொன்னார்கள். ஊரும் அப்படியே நம்பியது. அந்தப் பெண்களும் தங்களைத் தொழிலாளிகள் என்று எண்ணவில்லை. வேலைக்கு வேலை என்று பெயர் வைக்காவிட்டால் கூலியும் குறையும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நம் கணக்கைப் பார்ப்போம். 2025இல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் என்று ஆனது. மணிக் கணக்கில் அது 8 ரிங்கிட் 17 காசு. பின்னுவது, வால் மறைப்பது, கஞ்சி போடுவது, வளையம் கட்டுவது எல்லாம் சேர்த்து ஒரு நட்சத்திரத்துக்கு அரை மணி நேரம் என்று வையுங்கள். கூலி மட்டும் 4 ரிங்கிட்டுக்குச் சற்று மேல் வருகிறது. அதை "மூன்று எடுத்தால் ஐந்து ரிங்கிட்" என்று விற்றால் ஒன்றுக்கு 1 ரிங்கிட் 67 காசுதான். உங்கள் உழைப்பில் பாதிக்கு மேல் தானம் செய்கிறீர்கள். பாலை எடை போடும்போது அரை கிலோ குறைந்தால் கிராணியிடம் கேட்கிறோமே, இதை ஏன் கேட்பதில்லை?

சட்டைத் துணி நெய்ய இயந்திரம் உண்டு. கம்பிப் பின்னலுக்கும் இயந்திரம் உண்டு. குரோஷேயை அப்படியே பின்னித் தரும் இயந்திரம் இன்றுவரை தொழிற்சாலைகளில் இல்லை. கடையில் அசல் குரோஷே பொருள் ஒன்று மலிவாகத் தொங்கினால், எங்கோ ஒருவர் கையால் பின்னியிருக்கிறார், அந்தக் கைக்கு யாரோ குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். விற்றால் நியாயமான விலைக்கு விற்போம். இல்லையா, அன்பளிப்பாகவே கொடுப்போம். அன்பளிப்புக்கு விலை கிடையாது; குறைந்த கூலிக்குத்தான் அவமானம் உண்டு.

முடிவாக

மாணவர் எண்ணிக்கை 150க்குக் குறைவாக உள்ள பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். நம் பள்ளியும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. தோட்டத்தில் பால் மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடுகள் பல காலியாகின. பட்டணத்துக் குடியிருப்புகளுக்குப் பல குடும்பங்கள் போய்விட்டன. மிச்சமிருப்பவர்கள் கொஞ்சம் பேர்தானே என்று பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. நான்கு மீட்டர் நூலை யாரும் கடையில் விலைக்குக் கேட்க மாட்டார்கள். ஆனால் எண்ணிக்கை தவறாமல், ஒரு கண்ணோடு ஒரு கண்ணை இணைத்துப் பின்னினால் அதுவே முழுமையான ஒரு பொருளாகிவிடுகிறது. உங்கள் பிள்ளையை இந்தப் பள்ளிக்கே அனுப்புங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் அழைத்து வாருங்கள். நாங்கள் எண்ணிக்கை தவறாமல் பார்த்துக்கொள்கிறோம்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். பழைய டின்னைத் திறந்து மிச்ச நூலை எடுத்து வெளியே வையுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஆண் பிள்ளையானாலும் சரி, பெண் பிள்ளையானாலும் சரி. தொலைக்காட்சியும் கைப்பேசியும் அரை மணி நேரம் ஓய்வெடுக்கட்டும். பின்னி முடித்த நட்சத்திரங்களைப் பள்ளி திறந்ததும் கொண்டுவாருங்கள். எத்தனை வந்தாலும் மாட்டி வைக்க நம் வகுப்பறைச் சுவரில் இடம் இருக்கிறது.